ஒரே பகா எண் இரண்டு பலகைகளில்: எங்கே தவறு?

வணக்கம் நண்பர்களே. நாங்கள் செய்வது காவேரிப்பட்டணம் மாந்தோப்புகளுக்கான சொட்டுநீர் மோட்டார் கன்ட்ரோலர். வைஃபை உள்ள சின்ன மைக்ரோகன்ட்ரோலர்தான். முதல்முறை கரன்ட் கொடுத்ததும் 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவியை (குறியாக்கச் சாவி) தானே உருவாக்கிக்கொள்ளும்.

40 பலகைகளின் மாடுலஸ்களை (p, q என்ற இரண்டு ரகசியப் பகா எண்களைப் பெருக்கி வரும், சாவியின் வெளிப்படையான எண்) எடுத்து, 780 ஜோடிக்கும் மீ.பொ.வ. போட்டுப் பார்த்தோம். எல்லாவற்றுக்கும் 1 வர வேண்டும். ஒரு ஜோடிக்கு மட்டும் 1024 பிட் எண் வந்தது. அதாவது p ஒன்றே, q வேறு. ஒரு வகுத்தலில் இரண்டு சாவியும் காலி!

பகா எண் சோதனையில் கோளாறு இல்லை என்றே தோன்றுகிறது. சோதனைக்கு எடுக்கும் ரேண்டம் எண்ணில் மேல் இரண்டு பிட்டும் கடைசி பிட்டும் 1. 2000-க்குக் கீழுள்ள பகா எண்களால் வகுத்துக் கழிக்கிறோம். சராசரியாக 355 ஒற்றை எண்களில் ஐம்பது சொச்சம்தான் மில்லர்-ராபின் என்ற பகா எண் சோதனைக்குப் போகும். p-1, 65537-ஆல் (சாவியின் பொது அடுக்கு) வகுபடக் கூடாது என்பதும் பார்க்கப்படுகிறது. கணினியில் மறுபடி சோதித்தாலும் அந்த p, இரண்டு q ஆகிய மூன்றும் பகா எண்களே.

சந்தேகம் விதை (ரேண்டம் எண்களைத் தொடங்கிவைக்கும் ஆரம்ப மதிப்பு) மேல்தான். வைஃபை தொடங்கும் முன்பே ரேண்டம் ஜெனரேட்டருக்கு விதை போடுகிறோம். இந்தச் சிப்பில் ரேடியோ அணைந்திருந்தால் வருவது உண்மையான இரைச்சல் அல்ல. p தேடும்போது சேரும் நேர வேறுபாடு q-வை மட்டும் பிரித்திருக்கலாம்.

கேட்பது இரண்டு. வைஃபையை முதலில் எழுப்பி 256 பிட் விதை எடுத்தால் போதுமா, இல்லை தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு பலகைக்கும் தனி விதை எழுதிவிடுவது நல்லதா? விதை நிலையைப் பலகையிலேயே அளந்து பார்த்தவர்கள் ஓசூர், தர்மபுரி பக்கம் இருந்தால் சொல்லுங்கள், இரண்டு பலகைகளையும் நேரில் கொண்டுவருகிறோம். (சீரியல் எண்ணை விதையாகப் போடச் சொல்லாதீர்கள், அது ஸ்டிக்கரிலேயே இருக்கிறது.)