அம்பாசிடரின் என்ஜின் அறைக்கு எந்த போல்ட்: பழையதா, புதியதா?

கும்பகோணம் அம்பாசிடர்:
அனைவருக்கும் வணக்கம். என் தாத்தா 1968இல் வாங்கிய அம்பாசிடர் மார்க் 2, ஏழு வருடம் மாட்டுக்கொட்டகை ஓரத்தில் நின்றுவிட்டது. இப்போது என்ஜினை இறக்கி, 1489 சிசி பிளாக்கைச் சுத்தம் செய்து, என்ஜின் அறைக்குப் பெயின்ட்டும் அடித்துவிட்டேன். திரும்பப் பூட்டலாம் என்று போல்ட், நட்டு, வாசர் எல்லாம் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டப்பாவைத் தரையில் கொட்டிப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. பாதிக்கு அரை இஞ்ச் ஸ்பேனர் பிடிக்கிறது, பாதிக்கு 13 நம்பர் பிடிக்கிறது, நாலைந்து எதற்கும் பிடிக்கவில்லை. மெக்கானிக், எல்லாவற்றையும் எம்8ஆக, அதாவது 8 மி.மீ. மெட்ரிக் போல்ட்டாக, மாற்றிவிடலாம் என்கிறார். பானட்டைத் திறந்தால் தாத்தா பார்த்த அறையே தெரிய வேண்டும் என்பது என் ஆசை. அந்தக் காலத்துச் சாமானைத் தேடி அலைவது தகுமா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

தஞ்சைப் பழைய வண்டி:
தகும். ஆனால் தேடலைத் தோற்றத்திலிருந்து தொடங்காதீர்கள், மரையிலிருந்து தொடங்குங்கள். உங்கள் வண்டி மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் காரின் வழி வந்தது. 1948இல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் ஒத்துக்கொண்ட யுனிஃபைடு மரைதான் அதன் என்ஜினில் இருக்கிறது. 5/16 இஞ்ச் யு.என்.எஃப். (யுனிஃபைடில் நெருக்கமான மரை) போல்ட்டில் ஒரு இஞ்சுக்கு 24 மரை, அதாவது ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய 1.06 மி.மீ.; எம்8இல் அது 1.25 மி.மீ. விட்டத்திலோ 7.94க்கும் 8க்கும் உள்ள வித்தியாசம்தான் என்பதால் கண்ணுக்கும் விரலுக்கும் இரண்டும் ஒன்றாகவே படும், கெடுதலும் அங்கிருந்துதான் வருகிறது. பழைய ஸ்டட்டில் (தலையில்லாத மரைக் கம்பியில்) எம்8 நட்டை வைத்துத் திருப்பினால் முதல் ஒன்றிரண்டு சுற்று சாதுவாக ஏறும், பிறகு பிடிக்கும். அங்கே நீளமான ஸ்பேனரைப் போட்டு அழுத்துகிறவர் இறுக்குவதாக நினைத்துக்கொண்டு மரையைச் சீவிக்கொண்டிருப்பார். எனக்கு அப்படி ஒரு தெர்மோஸ்டாட் ஸ்டட் போனது. கழற்றியபோது நட்டுக்குள் சுருள் சுருளாக இரும்புத்தூள் இருந்தது.

லூகாஸ் கம்பெனியின் பழைய மின்சாமான்களில் இன்னொரு பொறி இருக்கிறது. அவற்றில் பி.ஏ. என்ற பிரிட்டிஷ் சிறு மரை வரும். அதில் பூஜ்யம் நம்பர் போல்ட்டின் விட்டம் 6 மி.மீ., மரை இடைவெளி 1 மி.மீ. இரண்டு அளவும் எம்6 போலவே இருக்கும், ஆனால் மரையின் கோணம் 60 டிகிரி இல்லை, 47.5 டிகிரி.

நாகை உப்புக்காற்று:
மரையை மாற்றக்கூடாது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் காலத்துக்கு ஒத்த போல்ட் என்று சொல்லித் துத்தநாக முலாம் போட்ட சாமானைத் தேடிப் பூட்டுவதை ஏற்க முடியவில்லை. சாதாரண முலாம் 5 முதல் 8 மைக்ரான் கனம்தான் இருக்கும். எங்கள் ஊரில் இரண்டு ஐப்பசி மழை தாங்காது. முதலில் வெள்ளை பூக்கும், பிறகு செந்துரு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு என் பத்மினி காரின் பானட்டைத் திறந்தபோது, தேடித்தேடி வாங்கிப் பூட்டிய போல்ட் தலைகள் எல்லாம் பழுப்பாகிக் கிடந்தன. அன்றிலிருந்து எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) போல்ட்தான் போடுகிறேன், இன்றுவரை ஒன்றும் துருவேறவில்லை. இஞ்ச் மரையிலும் எஸ்.எஸ். வாங்கலாம். வண்டி ஓடுவதற்கா, பார்வைக்கு வைப்பதற்கா?

தஞ்சைப் பழைய வண்டி:
ஐயா, பத்மினி ஃபியட்டின் பிள்ளை, பிறப்பிலேயே மெட்ரிக். உங்களுக்குத் தெருமுனைக் கடையில் கிடைப்பது இவருக்குக் கிடைக்காது. அது போகட்டும். கடையில் விற்கும் ஏ2-70 தர எஸ்.எஸ். போல்ட்டின் இழுவலிமை 700 மெகாபாஸ்கல், 8.8 தரச் சாதாரண எஃகு போல்ட்டுக்கு 800. அதைவிடப் பெரிய வித்தியாசம், போல்ட் நிரந்தரமாக நீண்டுவிடும் அளவில் இருக்கிறது: எஸ்.எஸ்.ஸுக்கு 450, 8.8க்கு 640. என்ஜின் மவுண்டிங்கிலோ ஸ்டியரிங்கிலோ எஸ்.எஸ். போட்டுவிட்டு எனக்குத் தூக்கம் வராது. மேலும் எஸ்.எஸ். போல்ட்டும் எஸ்.எஸ். நட்டும் உலர்வாக உரசினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அலுமினியத்தில் எஸ்.எஸ். திருகினால் உப்பு ஈரத்தில் அலுமினியம்தான் அரிக்கப்படும்.

நாகை உப்புக்காற்று:
மவுண்டிங்கிலும் ஸ்டியரிங்கிலும் நானும் எஸ்.எஸ். போடுவதில்லை, அங்கே 8.8 அல்லது தலையில் மூன்று கோடு போட்ட இஞ்ச் போல்ட்டான கிரேடு 5 மட்டும்தான். மரை ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் கிரீஸ் தடவினால் உரசல் பிரச்சினையும் தீர்கிறது. அலுமினியத்தைப் பற்றிச் சொன்னீர்கள்: போல்ட்டின் பரப்பு சிறியது, அலுமினிய மூடியின் பரப்பு பெரியது, அப்படி இருக்கையில் அரிப்பு பரவலாகி மெதுவாகத்தானே நடக்கும்?

தஞ்சைப் பழைய வண்டி:
திறந்த பரப்பில் அது சரி. ஆனால் ஈரம் தங்கும் இடம் மரை இடுக்கு அல்லவா? அரிப்பு அந்த இடுக்கிலேயே நடந்து, வெள்ளைப் பொடி கெட்டித்து, போல்ட்டைப் பிடித்துக்கொள்கிறது. கிரீஸ் தடவினால் தாங்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தடவ மறந்த ஒரே ஒரு ஸ்டட்டுக்காக மூடியையே உடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மன்னார்குடி டிராக்டர்:
இருவரும் உலோகத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், தம்பி கேட்டது எங்கே தேடுவது என்பதையும் சேர்த்துத்தான். சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டைக்குப் பஸ் ஏறுவதற்கு முன்னால் உங்கள் ஊர் டிராக்டர் உதிரிபாகக் கடைக்குப் போங்கள். 1960இல் தொடங்கிய டாஃபே டிராக்டர் கம்பெனி, மாஸே ஃபெர்குசன் வடிவமைப்பில் செய்த வண்டிகளிலும் இதே யு.என்.எஃப்., யு.என்.சி. (யுனிஃபைடில் அகன்ற மரை) மரைதான். டெல்டாவில் உழவு நடக்கும்வரை அந்தச் சாமானுக்குக் குறையிருக்காது. கடையில் 5/16 என்று கேட்காதீர்கள், 'இரண்டரை நூல், ஃபைன் மரை' என்று கேளுங்கள். கால் இஞ்ச் இரண்டு நூல், 3/8 மூன்று நூல். கையில் ஒரு மாதிரி நட்டும், மரை இடைவெளியை அளக்கும் கேஜும் இருக்கட்டும். தலையில் டி.வி.எஸ். என்றோ ஜி.கே.டபிள்யூ. என்றோ எழுத்துள்ள பழைய போல்ட் வேண்டுமென்றால் காயலான் கடைதான். அங்கே கிலோ கணக்கில் வாங்கி வீட்டில் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். வருத்தத்தோடு சொல்கிறேன், நான் அப்படி வாங்கிய ஒரு கிலோவில் பாதிக்கு மரையே இல்லை.

கும்பகோணம் அம்பாசிடர்:
மிக்க நன்றி. இங்கே விளக்குக்கு முலாம் போடும் பட்டறையில் கேட்டேன், நிக்கல் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். அந்த மினுமினுப்பு பொருந்துமா? அந்தக் காலத்தில் காட்மியம் போட்டிருப்பார்கள் என்று ஒருவர் சொல்கிறார், அதையே போடச் சொல்லலாமா?

தஞ்சைப் பழைய வண்டி:
காட்மியம் வேண்டாம். அது நஞ்சு. பழைய போல்ட்டில் இருந்தாலும் அதைச் சூடுகாட்டவோ கிரைண்டரில் பிடிக்கவோ கூடாது, புகையும் தூளும் நுரையீரலுக்குப் போகும். நிக்கல், வண்டி கண்டிராத பளபளப்பைக் கொண்டுவந்துவிடும். மங்கலான வெள்ளைத் துத்தநாகம் கண்ணுக்குக் காட்மியத்துக்கு அருகில் நிற்கும். 8.8ஐவிட வலுவான 10.9 தரமோ அதற்கு மேலோ இருந்தால் பட்டறைக்கே அனுப்பாதீர்கள். அமிலத் தொட்டியில் ஹைட்ரஜன் புகுந்து போல்ட் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், உடனே 200 டிகிரிக்குப் பக்கத்தில் சில மணி நேரம் சூடேற்றினால்தான் தப்பும்.

நாகை உப்புக்காற்று:
கும்பகோணத்தில் கடற்காற்று இல்லை. துத்தநாகம் போட்டு, மழைக்கு முன் ஒரு முறை எண்ணெய்த் துணியால் துடைத்தால் உங்களுக்குப் போதும் என்று ஒப்புக்கொள்கிறேன். வேதாரண்யம் பக்கம் வண்டி வைத்திருப்பவர் கேட்டால் என் பதில் மாறாது. ஆனால் ரப்பர் குழாயை இறுக்கிப் பிடிக்கும் ஹோஸ் கிளிப்பில் மட்டும் அலட்சியம் வேண்டாம். 1921இல் லம்லி ராபின்சன் கொண்டுவந்த ஜூபிலி கிளிப்பில் பட்டையின் பல் அழுத்தி எழுப்பப்பட்டது, உள்பக்கம் வழவழப்பாக இருக்கும். இன்று மலிவாக வருவதில் பட்டையையே துளைத்து வெட்டியிருக்கிறார்கள். அந்த விளிம்பு ரப்பரைக் கடிக்கிறது. இந்த ஒன்றில் பழைய வகைதான் நல்லது.

கும்பகோணம் அம்பாசிடர்:
நேற்று மன்னார்குடி ஐயா சொன்னபடி டிராக்டர் கடையில் இரண்டரை நூலில் இருபது நட்டு வாங்கினேன். டப்பாவில் இருந்த சொந்த போல்ட்களில் முப்பத்தொன்று கேஜுக்குச் சரியாக உட்கார்ந்தன. அவற்றைப் பித்தளைப் பிரஷ்ஷால் தேய்த்துத் துத்தநாகத்துக்குக் கொடுத்திருக்கிறேன். மவுண்டிங்குக்கு மூன்று கோட்டுப் புதிய போல்ட்கள். எம்8 எல்லாம் தனி டப்பாவுக்குப் போய்விட்டன. தெர்மோஸ்டாட் மூடியின் ஸ்டட்களில் கிரீஸ் தடவி நட்டை வைத்தேன். ஸ்பேனர் இல்லாமல், இரண்டு விரலால் திருப்பியே வாசர்வரை இறங்கியது.