மகளுக்கு எத்தனை கல்லூரிகளில் விண்ணப்பிப்பது?

கேட்பவர்: தேவகோட்டையிலிருந்து ஒரு தாய்

அனைவருக்கும் வணக்கம். என் மூத்த மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கணிதத்தில் 91, இயற்பியலில் 84, வேதியியலில் 88, கணினி அறிவியலில் 93 மதிப்பெண்கள். மின்னணு மற்றும் தொடர்பியல் பொறியியல் படிக்க வேண்டும் என்பது அவள் விருப்பம். அது அமையாவிட்டால் பி.எஸ்சி. இயற்பியல் அல்லது கணிதம் படிக்கச் சம்மதிக்கிறாள். நாங்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். என் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். நானும் அவரும் கல்லூரிப் படிப்பைத் தொடாதவர்கள் என்பதால், வீட்டில் இதைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை.

உறவினர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். பத்துப் பதினைந்து கல்லூரிகளுக்காவது போட்டு வை, எங்காவது கிடைக்கும் என்கிறார் என் நாத்தனார். மூன்று போதும், வீண் செலவு எதற்கு என்கிறார் மைத்துனர். இதற்கிடையில், முன்பணம் கட்டினால் இப்போதே இடத்தை உறுதி செய்துவிடலாம் என்று ஒரு தனியார் கல்லூரியிலிருந்து இரண்டு முறை தொலைபேசியில் அழைத்துவிட்டார்கள். எல்லா இடங்களுக்கும் மகளை அழைத்துக்கொண்டு நான் ஒருத்திதான் அலைய வேண்டும். எத்தனை என்பதை எதை வைத்து முடிவு செய்வது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், காரைக்குடி

அம்மா, பொறியியலுக்கும் கலை அறிவியலுக்கும் இந்தக் கேள்விக்கான விடை வேறு வேறு. உங்கள் உறவினர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ஒருவர் பதினைந்து என்கிறார், ஒருவர் மூன்று என்கிறார். நான் பொறியியலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக்கு நீங்கள் போடுவது ஒரே ஒரு விண்ணப்பம். பதிவுக் கட்டணம் 500 ரூபாய்; பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 250 ரூபாய். அரசுக் கல்லூரி, உதவி பெறும் கல்லூரி, தனியார் கல்லூரிகள் கலந்தாய்வுக்குத் தரும் இடங்கள் என அனைத்தும் இந்த ஒரே விண்ணப்பத்துக்குள் அடக்கம். 2018க்கு முன்பு பிள்ளைகளைச் சென்னைக்கு அழைத்துச் சென்று, திரையில் ஓடும் காலியிடங்களைப் பார்த்து அந்த நிமிடத்தில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. இணையவழிக்கு மாறிய பிறகு, கல்லூரியையும் பாடப்பிரிவையும் இணைத்து விருப்பப் பட்டியலை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். எத்தனை விருப்பங்கள் எழுதினாலும் கூடுதல் கட்டணம் கிடையாது. ஆகவே பொறியியலில் எத்தனை கல்லூரி என்ற கேள்வி, பட்டியல் எவ்வளவு நீளம், எந்த வரிசை என்ற கேள்வியாக மாறிவிடுகிறது.

கணிதம் நூற்றுக்கும், இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்குமாகக் கணக்கிட்டால் உங்கள் மகளின் கட்-ஆஃப், அதாவது தரவரிசைக்கு எடுத்துக்கொள்ளும் மதிப்பெண், 91, 42, 44 ஆகியவற்றின் கூட்டுத்தொகையான 177. தரவரிசை வெளியானதும் பொதுத் தரவரிசை எண்ணையும் வகுப்புவாரித் தரவரிசை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டு எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்தத் தரவரிசையில் முடிந்தது என்பதோடு ஒப்பிடுங்கள். மாநிலம் முழுவதும் மதிப்பெண் ஏறினாலோ இறங்கினாலோ ஒவ்வொரு கல்லூரியிலும் இடம் முடியும் கட்-ஆஃப் நகர்ந்துவிடும். தரவரிசை அவ்வளவாக ஏமாற்றாது.

ஒதுக்கீடு செய்யும் கணினி, உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் காலியாக இருக்கும் இடத்தைக் கொடுத்துவிடும். கீழே எத்தனை எழுதினாலும் மேலே உள்ள விருப்பத்துக்கு இம்மியும் பாதிப்பு வராது. பத்தே விருப்பங்களை எழுதி, அவை அனைத்தும் நிரம்பிப்போய், ஒதுக்கீடே இல்லாமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்பட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி எட்டாது என்று தோன்றினாலும் மேலே எழுதுங்கள். நம்மூர் அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியை அடுத்து வையுங்கள். பிறகு மதுரை, திருச்சி வட்டாரக் கல்லூரிகளை வரிசைப்படுத்தி, நாற்பது ஐம்பது விருப்பங்கள் வரை தயங்காமல் எழுதலாம்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு மேல் விருப்பத்துக்காகக் காத்திருக்கிறேன் என்று தெரிவித்து, மேல் விருப்பம் கிடைத்துவிட்டால், பழைய இடம் கையை விட்டுப் போய்விடும். திரும்பக் கேட்க முடியாது. ஆகையால் வரிசையில் மேலே இருப்பது கீழே இருப்பதைவிட உண்மையிலேயே உங்களுக்கு மேலானதாக இருக்க வேண்டும்.

தொலைபேசியில் அழைத்த கல்லூரிக்கு இப்போது எதுவும் கட்டாதீர்கள். அவர்கள் சொல்வது, கலந்தாய்வுக்குத் தராமல் கல்லூரியே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டு இடமாகத்தான் இருக்கும். குடும்பத்தில் முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்கே உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அது போய்விடும். தாத்தா, பாட்டி தரப்பிலும் பட்டதாரி இல்லையென்றால் இ-சேவை மையத்தில் அந்தச் சான்றிதழுக்கு இன்றே விண்ணப்பித்துவிடுங்கள்.

மறுமொழி 2: கல்லூரிச் சேர்க்கைக் குழுவில் பணியாற்றியவர், பள்ளத்தூர்

ஆசிரியர் ஐயா பொறியியலைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். கலை அறிவியலில் நிலைமை நேர்மாறானது. இங்கே ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியே தரவரிசை வெளியிட்டு, தனித்தனியே கலந்தாய்வு நடத்துகிறது. அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் விண்ணப்பித்துக் கல்லூரிகளைத் தேர்ந்தெடுத்துவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் கலந்தாய்வுக்கு அந்தந்தக் கல்லூரிக்கு நேரில் சென்றாக வேண்டும். பெயர் அழைக்கும்போது அங்கே இல்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

காரைக்குடி அழகப்பா அரசு கலைக் கல்லூரியிலும் சிவகங்கை, புதுக்கோட்டைக் கல்லூரிகளிலும் அறிவியல் பிரிவுக்கான கலந்தாய்வு ஒரே நாளில் வந்தால், நீங்கள் ஒருவர் எத்தனை இடத்துக்குப் போக முடியும்? எங்கள் மேசைக்கு முன்னால் காலையில் வந்து நின்று, வேறொரு கல்லூரியிலும் இன்றைக்கே கூப்பிட்டிருக்கிறார்கள், எதை விடுவது என்று கையைப் பிசைந்துகொண்டு கேட்ட பெற்றோர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் நிறைய இடங்களுக்கு விண்ணப்பித்தவர்கள். எது முதன்மை என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யாதவர்கள்.

இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் மொழிப்பாடங்கள் நீங்கலாக நான்கு பாடங்களின் மதிப்பெண்ணை 400க்குப் பார்ப்பார்கள். உங்கள் மகளுக்கு 356. இது நல்ல மதிப்பெண். எனவே அரசுக் கல்லூரிகளில் இரண்டு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் இரண்டு, அதிகம் போனால் ஐந்து என்று நிறுத்திக்கொள்ளுங்கள். தேவகோட்டையிலேயே சேவுகன் அண்ணாமலை கல்லூரி இருக்கிறது. பள்ளத்தூரில் சீதாலட்சுமி ஆச்சி மகளிர் கல்லூரி இருக்கிறது. காலையில் கிளம்பி மாலையில் வீடு திரும்பக்கூடிய கல்லூரி ஒன்றாவது பட்டியலில் இருப்பது நல்லது. உதவி பெறும் கல்லூரிகளில் விண்ணப்பக் கட்டணம் தனித்தனி என்பதோடு, நீங்கள் கேட்கும் பாடம் உதவி பெறும் பிரிவில் உள்ளதா, அரசு உதவி இல்லாத சுயநிதிப் பிரிவில் உள்ளதா என்றும் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே வளாகம் என்றாலும் இரண்டுக்கும் கட்டணம் வெகுவாக வேறுபடும்.

மறுமொழி 3: காரைக்குடியில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி

அக்கா, ஐயா சொன்ன ஐம்பது விருப்பங்கள் என்பதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. பட்டியலின் கடைசியில் இருப்பதும் ஒருநாள் உங்கள் கைக்கு வரக்கூடும். பெயர் மட்டும் தெரிந்த, ஒருமுறைகூடப் பார்க்காத கல்லூரிகளைப் பட்டியலை நீட்டுவதற்காக எழுதி, அதில் ஒன்று கிடைத்ததும் சேராமல் விட்டவர்கள் என் தோழிகளில் உண்டு. ஒவ்வொரு பெயரையும் எழுதுவதற்கு முன், இது மட்டும் கிடைத்தால் நான் சேருவேனா, அல்லது பி.எஸ்சி. இயற்பியலுக்குப் போவேனா என்று உங்கள் மகளிடமே கேளுங்கள். பி.எஸ்சி. என்று சொன்னால் அந்த இடத்தோடு பட்டியலை நிறுத்திவிடலாம். இருபத்தைந்தில் நின்றாலும் தவறில்லை.

விடுதி உள்ள கல்லூரி என்றால், அங்கே படிக்கும் ஒரு மாணவியிடமாவது பேசிவிட்டு எழுதுங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு மகளோடு உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். கலை அறிவியலுக்கு நான்கு கல்லூரிகள் என்று முடிவு செய்துவிட்டோம். பொறியியலில் முப்பத்திரண்டு விருப்பங்கள் வந்தன. மூன்றாவதாக மறுமொழி எழுதிய தங்கையின் கேள்வியைக் கேட்டதும் அவளே ஆறை அடித்துவிட்டாள். சிங்கப்பூருக்கும் படம் எடுத்து அனுப்பியாயிற்று.

இன்னும் ஓர் ஐயம். கலைக் கல்லூரிக் கலந்தாய்வு முன்னதாக வந்துவிடும் என்கிறார்கள். அங்கே சேர்ந்த பிறகு பொறியியல் கிடைத்தால் கட்டிய பணமும் சான்றிதழ்களும் என்ன ஆகும்?

மறுமொழி 2 எழுதியவர்

வழக்கமாக அப்படித்தான் வரும் அம்மா. கலை அறிவியல் சேர்க்கை மே இறுதியிலும் ஜூனிலும் நடந்துவிடும். பொறியியல் பொதுக் கலந்தாய்வு ஜூலையில்தான் சூடு பிடிக்கும். இடம் கிடைத்தால் தயங்காமல் சேர்ந்துவிடுங்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட அறிவிக்கையின்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்குப் பதினைந்து நாள் அல்லது அதற்கு முன்பே விலகினால், சிறு நடைமுறைக் கட்டணம் போக முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். அதற்குப் பின் விலகினால் 90, 80, 50 விழுக்காடு என்று படிப்படியாகக் குறையும். கடைசி நாள் கழிந்து முப்பது நாளுக்கு மேல் ஆனால் ஒன்றும் கிடைக்காது. மதிப்பெண் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் அதே அறிவிக்கை சொல்கிறது.

மாற்றுச் சான்றிதழை (டி.சி.) மட்டும் கல்லூரியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். பொறியியல் ஒதுக்கீடு உறுதியான அன்றே விலகல் கடிதம் கொடுத்து அதைத் திரும்பப் பெறுங்கள்; கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பணம் திரும்ப வருவதற்கு அந்தத் தேதிதான் ஆதாரம். பள்ளியில் டி.சி. வாங்கியவுடனேயே ஐந்தாறு ஜெராக்ஸ் எடுத்து வைத்துவிடுங்கள்.