நாயை வரைந்தேன், மணி வரவில்லை

பினாங்கு பென்சில்:
ஜார்ஜ்டவுனில் குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அடுத்த வீட்டு அத்தை போன மாதம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "தம்பி, நம்ம மணிய வரைஞ்சு கொடுய்யா" என்றார். மணி 14 வயது வரை இருந்துவிட்டுப் போன நாய். நான்கு நாள் உட்கார்ந்து முடி முடியாக இழைத்தேன். மூக்கின் ஈர மினுமினுப்பு, மீசை முளைக்கும் புள்ளிகள், எதையும் விடவில்லை. அத்தை நெடுநேரம் பார்த்தார். "நாய் அழகா இருக்கு. ஆனா இது மணி இல்லய்யா."

அன்றிரவு தூக்கமே இல்லை. மறுநாள் பசியாறிவிட்டு நேரே போய், "மணி உங்கள எப்படி அத்தை பார்க்கும்?" என்று கேட்டேன். அவர் தட்டோடு உட்கார்ந்தால் காலடியில் படுத்துக்கொண்டு, தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் மேலே ஏற்றுமாம். சொல்லும்போதே அவருடைய புருவம் நடுவில் ஏறியது. அதுதான் என் படத்தில் இல்லை! உட்புருவத்தை உயர்த்த நாய்களுக்கென்று ஒரு தசை உண்டு. ஓநாய்களுக்கு அது சரியாக வளர்ந்திருப்பதில்லை என்று 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. பிசையும் ரப்பரால் நெற்றியில் பாதியை ஒற்றி எடுத்தேன். உட்புருவத்தை ஏற்றி, கருவிழிக்குக் கீழே மெல்லிய பிறையாக வெள்ளை விட்டேன். இந்த முறை அத்தை ஒன்றும் சொல்லவில்லை. மணியின் தலையைத் தடவக் கையை நீட்டினார். பென்சில் கலைந்துவிடும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா:
தம்பி, படித்ததும் கண் கலங்கிவிட்டது. எனக்குப் பாடம் சொன்னது எங்கள் வீட்டுக் கறுப்பு நாய். 6பி என்ற மென்மையான கரும் பென்சிலால் அடர்த்தியாக நிரப்பினேன். வெறும் நிழல்தான் கிடைத்தது. அப்புறம் சாயங்கால வெயிலில் வாசலில் உட்கார வைத்துப் பார்த்தேன். முதுகில் வானத்து நீலம், வயிற்றடியில் சிமெண்டுத் தரையின் வெளிச்சம். முழுக் கறுப்பு காது மடிப்புக்குள் மட்டும்தான். முடியின் போக்கையும் கவனியுங்கள்: முகத்தில் மூக்கிலிருந்து பின்னோக்கி ஓடும், நெஞ்சில் சுழி போடும். கோட்டை அந்தப் போக்கில் இழுக்காவிட்டால் பஞ்சு பொம்மைதான்.

பட்டர்வொர்த் வாசி:
நான் கோப்பிக்கடை ஐந்தடியில் (கடை முன்னால் இருக்கும் கூரை போட்ட நடைபாதையில்) தெருநாய்களை நேரில் பார்த்து வரைகிறேன் அக்கா. எது அசையாமல் நிற்கும்? அதனால் ஒரே தாளில் காது, வால் என்று துண்டு துண்டாக எடுத்துக்கொள்வேன். நேற்று ஒன்று கண்ணை மூடிப் படுத்திருந்தது. ஒரு காது தெருப் பக்கம், இன்னொன்று மீன் பொரிக்கும் அடுப்புப் பக்கம். அந்த இரண்டு காதை மட்டும் எட்டு முறை வரைந்தேன்.