இதயச் செயலிழப்பா, இதயப் போதாமையா?

அனைவருக்கும் வணக்கம்.

நோயாளிகளுக்கான கையேட்டில் 'ஹார்ட் ஃபெயிலியர்' என்பதற்கு என்ன சொல் போடலாம் என்று கேட்டிருந்தேன். வந்த மடல்களில் பெரும்பாலானவை 'இதயச் செயலிழப்பு' இருக்கும்போது புதிது எதற்கு என்கின்றன. அவற்றில் ஒன்று:

> சிறுநீரகச் செயலிழப்பு, கல்லீரல் செயலிழப்பு என்று ஏற்கெனவே எழுதுகிறோம். இதயத்துக்கு மட்டும் வேறு சொல் வைத்தால் ஒழுங்கு கெட்டுப்போகும்.

ஒழுங்கு வேண்டியதுதான். ஆனால் சிறுநீரகம் செயலிழந்தாலும் டயாலிசிஸ் இருக்கிறது, ஆள் இருப்பார் என்று கேட்பவருக்குத் தெரியும். இதயம் செயலிழந்தது என்றால் என்ன நினைப்பார்? அந்தத் தொடரை நாம் பார்த்துப் பழகியதே மரணச் செய்திகளில்தான். எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துக்கொண்டு தன் காலால் நடந்து வெளியே வருகிறவர் கையில் 'இதயச் செயலிழப்பு' என்று எழுதிய தாளைக் கொடுத்தால், அதற்குக் கீழே உள்ள ஒரு வரியையும் அவர் படிக்கமாட்டார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இதயத்தின் ரத்தக்குழாய் அடைபட்டுத் தசை சாகத் தொடங்குவது மாரடைப்பு. துடிப்பே நின்று ஆள் சரிந்து விழுவது இதய நிறுத்தம். நாம் பேசுவது மூன்றாவது: இதயம் துடிக்கிறது, வேலை செய்கிறது, ஆனால் உடல் கேட்கிற அளவுக்கு ரத்தத்தை அனுப்ப முடியவில்லை; அல்லது உள்ளே அழுத்தத்தை ஏற்றிக்கொண்டுதான் அனுப்ப முடிகிறது. மாரடைப்பு வந்து போனவருக்குப் பின்னாளில் இது வரலாம், இது உள்ளவருக்குத் திடீரென்று துடிப்பு நிற்கவும் செய்யலாம். உறவு இருக்கிறது என்பதற்காகவே பெயர்களைத் தள்ளித் தள்ளி வைக்க வேண்டியிருக்கிறது. 'செயலிழப்பு' இரண்டாவதன் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது.

சரி, மாற்றாக வந்தவற்றைப் பார்ப்போம்.

'இதயத் தளர்ச்சி' காதுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் 'நரம்புத் தளர்ச்சி' என்று சுவர் விளம்பரம் செய்து அந்தச் சொல்லை ஏற்கெனவே கெடுத்து வைத்திருக்கிறார்கள். 'இதய பலவீனம்' என்றால் பேய்ப்படம் பார்க்கக்கூடாதவர் என்று பொருளாகிவிடும். 'இதயத் திறன்குறைவு' இவற்றைவிட மேல். நானும் முதலில் அந்தப் பக்கம்தான் சாய்ந்தேன்.

அதில் இடறும் இடம் ஒன்று உண்டு. இந்த நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதயம் சுருங்கித் தள்ளும் அளவு இயல்பாகவே இருக்கிறது. தசை விறைத்துப்போய், துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் தளர்ந்து கொடுக்க மறுக்கிறது. இடது கீழறை சரியாக நிரம்புவதில்லை. அழுத்தம் பின்னோக்கி நுரையீரலுக்கு ஏறுகிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது, எழுந்து உட்கார்ந்தால் தேவலாம் என்கிறார்கள். எக்கோ அறிக்கையிலோ பம்பிங், அதாவது கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் ஒரு துடிப்பில் வெளியேறும் பங்கு, 60 சதவீதம். 'பம்பிங் நன்றாக இருக்கிறதே, பிறகு எதற்குத் திறன்குறைவு என்கிறீர்கள்?' என்று அவர் கேட்டால் நம் சொல்லிடம் பதில் இல்லை.

எனவே என் முன்மொழிவு: இதயப் போதாமை. அனுப்புவது போதவில்லை. காரணம் தள்ளுவதில் இருக்கலாம், நிரம்புவதில் இருக்கலாம். சொல் இரண்டுக்கும் இடம் தருகிறது. நின்றுவிட்டது என்று பயமுறுத்தவும் இல்லை. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இந்த நோய்க்கு 'போதாமை' என்ற பொருள் தரும் சொல்தான் வழக்கம் என்பது கூடுதல் தெம்பு.

வகைகளும் எளிதாக அமைகின்றன. 2021-இல் வெளிவந்த உலகப் பொது வரையறையின்படி வெளியேற்ற விகிதம் (நாம் 'பம்பிங்' என்பது) 40 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் 'விகிதம் குறைந்த இதயப் போதாமை'; 41 முதல் 49 வரை 'சற்றே குறைந்த'; 50-உம் அதற்கு மேலும் 'விகிதம் குறையாத'. இந்த விகிதத்தைப் பற்றிக் கையேட்டில் ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். பம்பிங் 30 என்றதும் நூற்றுக்கு முப்பது மதிப்பெண் என்று எடுத்துக்கொண்டு, எழுபது பங்கு இதயம் போய்விட்டது என்று கலங்குகிறார்கள். நல்ல இதயமும் முழுவதையும் தள்ளுவதில்லை. கீழறையில் 120 மி.லி. நிரம்பினால் ஒரு துடிப்பில் 70 மி.லி. வெளியேறும், மீதி உள்ளேயே நிற்கும். அதாவது 58 சதவீதம், அது இயல்பு.

இதயத்தசை நோய் பற்றி அதிகம் சண்டை வேண்டியதில்லை. கீழறை அகன்று சுவர் மெலிந்தால் விரிவு வகை, சுவர் தடித்தால் தடிப்பு வகை, விறைத்தால் விறைப்பு வகை. ஆனால் 'இதய வீக்கம்' வேண்டவே வேண்டாம். இதே நோயாளிக்குக் காலில் நீர் கோத்து வீக்கம் இருக்கும். இதயத்திலும் நீர் கோத்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். கடும் அதிர்ச்சிக்குப் பின் இதயத்தசை தற்காலிகமாகச் சோர்ந்துபோகும் வகைக்கு, ஜப்பானியர் ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் பெயரால் வழங்கும் 'டாகோட்சுபோ'வை அப்படியே விட்டுவிடலாம்.

———

மறுமொழி:

ஐயா, வணக்கம். இதயப் பிரிவில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் இரண்டு சொல்கிறேன்.

'போதாமை'யை எதிர்க்கவில்லை. ஆனால் என்னிடம் வருகிறவர்களுக்கு அது எழுத்து நடை. 'இதயத் திணறல்' என்று சொல்லிப் பாருங்கள், விளக்கமே வேண்டாம். மூச்சுத்திணறலோடும் இயல்பாகச் சேர்ந்துகொள்ளும்.

அடுத்தது, இதைவிட முக்கியம். மருந்தால் விகிதம் 30-இலிருந்து 50-க்கு வந்தவரை என்னவென்று அழைப்பது? 'குணமானவர்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். விரிவு வகைத் தசைநோயிலிருந்து தேறி, அறிகுறி ஏதும் இல்லாமல் இருந்தவர்களிடம் மருந்தைப் படிப்படியாக நிறுத்திப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு, ட்ரெட்-ஹெச்எஃப். நிறுத்திய 25 பேரில் 11 பேருக்கு ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பிவிட்டது. தொடர்ந்து சாப்பிட்டவர்களில் அந்தக் காலத்தில் ஒருவருக்கும் திரும்பவில்லை. 'குணமாகிவிட்டது' என்று நாம் எழுதினால் மறுநாளே மாத்திரை டப்பா அலமாரிக்குப் போய்விடும்.

———

மறுமொழி:

மருத்துவர் ஐயா, மிக்க நன்றி.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் சொல்லும் நிலைக்கு அதே 2021 வரையறையும் 'மீண்டது' என்பதைத் தவிர்க்கச் சொல்கிறது. தணிந்த இதயப் போதாமை என்று போடலாமா? காய்ச்சல் தணிந்தது என்கிறோம். மறுபடி ஏறக்கூடும் என்பது அதிலேயே இருக்கிறது. 'அடங்கிய' என்பதையும் யோசித்தேன், ஆனால் மூச்சு அடங்கியது, உயிர் அடங்கியது என்று அது வேறு திசைக்கு இழுக்கிறது.

திணறலைப் பொறுத்தவரை, ஆசையாகத்தான் இருக்கிறது. தயக்கம் எங்கே என்றால், அறிகுறிகளின் கடுமையை வைத்து இந்த நோயைப் பிரிக்கும் நான்கு படிநிலைகளில் முதல் படியில் இருப்பவருக்கு அன்றாட வேலையில் எந்தத் திணறலும் இல்லை. பீட்டா தடுப்பான், எஸ்ஜிஎல்டி2 தடுப்பான் உட்பட நான்கு வகை மருந்துகளையும் தொடங்கி, அளவு ஏற்ற வேண்டியவற்றைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டு போவதுதானே உங்கள் சிறப்புப் பிரிவின் பாதி வேலை? 'எனக்குத்தான் திணறலே இல்லையே' என்று அவர் வராமல் போனால் அந்த வேலை நடுவில் நின்றுவிடும். ஆகவே நோயின் பெயர் இதயப் போதாமையாகவே இருக்கட்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ எடை ஏறி, கால் வீங்கி, படுக்க முடியாமல் மருத்துவமனைக்கு ஓடி வருகிற கட்டம் இருக்கிறதே, அதற்குத் 'திணறல் கட்டம்' என்று உங்கள் சொல்லை வைத்துக்கொள்கிறேன். அந்த நிலைக்கு இதுவரை யாரும் சொல் தரவில்லை, அதற்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது.

'செயலிழப்பு' என்று தேடி வருபவர்களுக்காக முதல் பக்கத்தில் ஒருமுறை மட்டும் 'இதயச் செயலிழப்பு என்றும் வழங்கும்' என்று குறித்துவிடுவேன். வரைவை வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன். விறைப்பு வகைக்கு 'இறுக்க வகை' நல்லது என்று அம்மா ஒருவர் தனி மடலில் எழுதியிருந்தார்; அதையும் அன்றைக்கே பேசிவிடலாம்.