மீன் பேணிக்குள் கறுப்பு: லாக்கர் பகுதியில் வேலை செய்தவனின் அனுபவம்

வெளிநாட்டில் பேணி செய்யும் தொழிற்சாலையில், பேணிக்குள் லாக்கர் எனும் உள்பூச்சைப் பூசும் பகுதியில் வேலை செய்துவிட்டுக் கல்முனைக்குத் திரும்பியவன் நான். அக்கம்பக்கத்தில் மீன் பேணியில் சந்தேகம் வந்தால் என்னிடம்தான் கொண்டுவருவார்கள்.

போன கிழமை பக்கத்து வீட்டு மாமி வந்தா. "மகன், உள்ளுக்குள்ள கறுத்துக் கிடக்கு. நஞ்சா?"

மூடியின் உட்பக்கம் புகை படிந்ததுபோல இருந்தது. விரலால் தேய்த்தும் பூச்சு உரியவில்லை, மீனில் கெட்ட வாடையும் இல்லை. பயப்பட ஒன்றுமில்லை என்றேன். பேணியை மூடியபின் 116 முதல் 121 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில் அவிப்பார்கள். அப்போது மீனின் புரதத்திலிருந்து வரும் கந்தகம், பூச்சு மெலிந்த இடத்தில் பேணித் தகட்டிலுள்ள வெள்ளீயத்தோடும் இரும்போடும் சேர்ந்து கறுக்கும். அதற்காகவே சில லாக்கர்களில் துத்தநாக ஒக்சைட்டு கலப்பார்கள். கந்தகம் அதோடு சேர்ந்தால் வெள்ளையாகிவிடும், கண்ணில் படாது.

தகட்டை உருட்டுமுன், தட்டையாக இருக்கும்போதே ரோலரால் லாக்கர் பூசி, சுமார் 200 பாகையில் பத்து நிமிடமளவு சூளைக்குள் விடுவோம். தடிப்பு ஐந்து, பத்து மைக்ரோன்தான். சூடு குறைந்தாலும் பார்வைக்குப் பொன்னிறமாகவே இருக்கும். ஆனால் மெதில் எதில் கீட்டோன் என்ற கரைப்பானில் நனைத்த துணியால் தேய்த்தால் மஞ்சள் துணியில் ஏறிவிடும். அந்தத் தகடு கழிவுதான். எனக்குப் பிடித்தது செப்புச் சல்பேற்றுச் சோதனை. பூச்சில் ஊசித்துளை இருந்தால் செம்பு அங்கே சிவப்புப் புள்ளியாகப் படியும். பற்றவைத்த பக்கத் தையலில் அடிக்கடி பார்த்திருக்கிறேன். பற்றவைப்பதற்காக அந்த ஓரத்தைப் பூசாமல் விடுவதால், பிறகு தனியாகப் பூச வேண்டும். அங்கேதான் கை பிசகும்.

நம் கரையோர உப்புக் காற்றில் வெளியே கறல் வரத்தான் செய்யும். துடைத்தால் போகிற கறல் பெரிய விஷயமில்லை. விளிம்பு நசுங்கிய பேணிதான் எனக்குப் பயம். உள்ளே பூச்சு வெடித்திருக்கலாம், தையலும் விட்டிருக்கலாம். கடைகளில் அதை விலை குறைத்து முன்னால் அடுக்குவதைப் பார்த்தால் மனம் பதறுகிறது. ஊதிய பேணியைத் திறக்கவே வேண்டாம்.

அப்புறம், பேணியோடு அடுப்பில் வைக்கும் பழக்கம். குழம்பு படாத மேல் ஓரத்தில் பூச்சு கருகி உரியும். பொன்னிறப் பூச்சு பெரும்பாலும் எபொக்சி என்ற பிசின், அதன் மூலப்பொருளில் ஒன்று உடலுக்குக் கேடென்று கருதப்படும் பிஸ்பீனோல் ஏ. உணவுப் பொதிகளில் அதைத் தடைசெய்ய ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் முடிவெடுத்து, மாறிக்கொள்ளக் கால அவகாசமும் கொடுத்திருக்கிறது. அதனால் மாமியிடமும் சொன்னேன்: "சட்டியில கொட்டிச் சூடாக்குங்க மாமி, மிச்சத்த வேற பாத்திரத்தில போட்டு வைங்க."