9 பேர் அலுவலகத்துக்கு மேசை, நாற்காலி: முதுகும் நோகக் கூடாது, 4 வருடத்தில் குப்பைக்கும் போகக் கூடாது

பவானிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன், மொத்தம் 9 பேர். அடுத்த மாதம் வேறு கட்டடத்துக்குப் போகிறோம். போகும்போதே மேசை நாற்காலியை மாற்றிவிடலாம் என்று சார் சொன்னார், பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார். கையில் 1,80,000 ரூபாய் இருக்கிறது.

இப்போது இருப்பவை 4 வருடத்துக்கு முன் வாங்கிய பார்ட்டிகிள் போர்டு மேசைகள். தினமும் தரை துடைக்கும் தண்ணீர் பட்டுப் பட்டு அடிப்பக்கம் ஊறிப்போய் விரிந்துவிட்டது, ஒரு மேசையில் விரலால் தொட்டாலே மரத்தூள் உதிர்கிறது. காயலான் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினால் இரும்பு நாற்காலியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், இந்த மேசையைக் காசு கொடுத்தாலும் எடுக்க மாட்டேன் என்கிறார். 9 மேசையும் குப்பை மேட்டுக்குத்தான் போகும் என்று நினைத்தால் மனசு கேட்கவில்லை. மறுபடியும் அதே மாதிரி வாங்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன்.

இன்னொரு பக்கம், தணிக்கை அறிக்கை தாக்கல் செய்யும் செப்டம்பர் 30 கெடுவுக்கு முந்தைய வாரங்களில் நாங்கள் தினமும் 11, 12 மணி நேரம் உட்கார்ந்திருப்போம். இரண்டு பேருக்குக் கழுத்துவலி, ஒரு அக்காவுக்கு இடுப்பிலிருந்து கால் வரை இழுக்கிறது. கடைக்குப் போனால் 4,000 ரூபாய் நாற்காலியிலும் எர்கோனாமிக், அதாவது உடம்புக்கு ஏற்றது, என்று ஸ்டிக்கர், 25,000 ரூபாய் நாற்காலியிலும் அதே ஸ்டிக்கர். எதைப் பார்த்து வாங்குவது? மேசைக்கு என்ன மரம்? நின்றபடி வேலை செய்யும் மேசை நல்லது என்கிறார்களே, அது தேவையா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நேர்முதுகு எழுதியது:

நான் கோவையில் பிசியோதெரபிஸ்ட். வாரத்தில் பாதி நாள் அலுவலக ஆட்களின் கழுத்தும் இடுப்பும்தான் என் வேலை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு அளவு நாடாவை எடுத்து 9 பேரையும் அளந்துவிடுங்கள். இரண்டே அளவு போதும். ஒன்று, உட்கார்ந்து பாதம் தரையில் முழுதாகப் பதிந்திருக்கும்போது தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை. அதுதான் அவருடைய இருக்கை உயரம். இரண்டாவது, அதே நிலையில் தோளைத் தளர்த்தித் தொங்கவிட்டு முழங்கையை மடக்கினால் தரையிலிருந்து முழங்கை வரை உள்ள உயரம். விசைப்பலகை அந்த உயரத்தில் அல்லது ஒரு விரல் கீழே இருக்க வேண்டும். நம் ஊரில் ஒன்றைக் கவனியுங்கள், செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் பெரும்பாலான சிறிய அலுவலகங்களில் உட்கார்கிறோம். கம்பெனிகள் போடும் அளவெல்லாம் ஷூ போட்ட காலுக்கு. 2, 3 செ.மீ. அங்கேயே இடிக்கிறது. அதனால் வெறுங்காலில் அளந்துகொள்ளுங்கள்.

மேசை எல்லாக் கடையிலும் இரண்டரை அடி, அதாவது 75 செ.மீ. சுற்றித்தான் இருக்கும். 155 செ.மீ. உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு உட்கார்ந்த நிலையில் முழங்கை 62, 63 செ.மீ. பக்கம்தான் வரும். அவர் என்ன செய்வார்? நாற்காலியை ஏற்றுவார், கால் தொங்கும். கால் தொங்கினால் முதுகைச் சாய்க்க முடியாது, இருக்கையின் முன் விளிம்பில் வந்து உட்கார்வார், அதற்கப்புறம் முதுகுக்குத் தாங்கல் கொடுக்கும் பாகத்துக்கு எவ்வளவு பணம் கொடுத்திருந்தாலும் அது அவர் முதுகைத் தொடப்போவதே இல்லை. ஏற்றாவிட்டால் தோளைத் தூக்கியே வைத்திருப்பார், உங்கள் அலுவலகத்துக் கழுத்துவலி அங்கேயிருந்து வந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

நாற்காலியில் பார்க்க வேண்டியது: முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் இருக்கை விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். இடுப்புத் தாங்கல் பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே வர வேண்டும், ஏற்றி இறக்க முடிந்தால் நல்லது. கைப்பிடி கட்டாயம் ஏற்றி இறக்கும் வகையாக இருக்கட்டும், இல்லையென்றால் அது மேசை விளிம்பில் முட்டி நாற்காலியை உள்ளே விடாது. ஆள் எட்டி எட்டியே தட்டச்சு செய்வார். தலைக்குத் தாங்கல் வேலை செய்யும் நேரத்தில் உதவாது, அந்தக் காசை மிச்சப்படுத்தலாம்.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்குத் தனி விசைப்பலகை, மவுஸ் வாங்கிக் கொடுத்துத் திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்துங்கள். 1,500 ரூபாய்க்குள் முடிகிற இந்த வேலை, புது நாற்காலியை விட அதிகம் கழுத்தைக் காப்பாற்றியதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

நிற்கும் மேசை 9 பேருக்கும் வேண்டாம். நாள் முழுக்க நிற்பதும் காலுக்குக் கெடுதல்தான். மாறி மாறி இருப்பதுதான் உடம்புக்குப் பிடிக்கும். 100 செ.மீ. உயரத்தில் ஒரு ஃபைல் பீரோ போட்டு, அதன் மேல் பில் சரிபார்க்கிற வேலையை நின்றபடி செய்யட்டும், போதும். அந்த அக்காவுக்குக் கால் வரை இழுக்கிறது என்றால் நாற்காலிக்காகக் காத்திருக்காமல் முதலில் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

உளிச்சத்தம் எழுதியது:

மேசையைப் பற்றி நான் சொல்கிறேன். அப்பா காலத்திலிருந்து தச்சுவேலை, இப்போது திருப்பூரில் பட்டறை.

பார்ட்டிகிள் போர்டு என்பது மரத்தூளையும் சிராயையும் பசை போட்டு அழுத்தியது. தண்ணீர் ஒரு தடவை உள்ளே போனால் பலகை பழைய நிலைக்குத் திரும்பாது, ஊதியது ஊதியதுதான். இன்னொரு சிக்கல் திருகாணி. முதல் தடவை பிடிக்கும், கழற்றி இடம் மாற்றி மறுபடி முடுக்கினால் துளை பெரிதாகிப் பிடிமானம் போய்விடும். வாடகை இடத்தில் இருப்பவர்களுக்கு அது ஒத்துவராது. அந்தப் பசையில் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு இருக்கும், புது மேசையில் கண் எரிகிற மாதிரி ஒரு நெடி வருமே, அதுதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. அதனால் எந்தப் பலகை வாங்கினாலும் ஈ1 அல்லது ஈ0 (ஃபார்மால்டிஹைடு குறைவாக வெளியாகும் ரகம்) என்று போட்டிருக்கிறதா பாருங்கள், ஏசி அறையில் சன்னலைத் திறக்காமல் வேலை செய்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

நான் சொல்வது இது: மேல்பலகைக்கு 19 மி.மீ. பிளைவுட், ஐ.எஸ்.303 தர முத்திரை உள்ள பி.டபிள்யூ.ஆர்., அதாவது கொதிநீரையும் தாங்கும் ரகம். ஐ.எஸ்.710 மரைன் பிளை சமையலறைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அலுவலக மேசைக்கு அது வீண் செலவு. கால்களுக்கு ஒன்றரை அங்குல இரும்புச் சதுரக் குழாய், பவுடர் கோட்டிங். அடியில் ரப்பர் குமிழ். துடைக்கிற தண்ணீர் மரத்தைத் தொடவே தொடாது. பலகையையும் சட்டத்தையும் நட்டு போல்ட்டில் இணைத்தால் எத்தனை தடவை இடம் மாறினாலும் கழற்றி மாட்டலாம். 20 வருடம் கழித்து வேண்டாம் என்றாலும் இரும்பை அதே காயலான் கடைக்காரர் எடை போட்டு எடுத்துக்கொள்வார். 4க்கு 2 அடி மேசை எங்கள் பக்கம் 7,000 ரூபாயில் முடிகிறது.

பிளைவுட் என்றால் காட்டை அழிப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். இப்போது வரும் பிளை பெரும்பாலும் விவசாயிகள் நிலத்தில் வளர்த்த மரம், வடக்கே யமுனாநகர் ஆலைகளுக்கு பாப்லரும் யூகலிப்டஸும் போகின்றன. நம் பக்கம் மலைவேம்பு, மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி ஊக்குவித்ததால் நிறைய தோட்டங்களில் நட்டிருக்கிறார்கள். முழு மரம்தான் வேண்டும் என்றால் ரப்பர் மரம் பாருங்கள். பால் வற்றிய மரத்தை 25, 30 வருடத்தில் எப்படியும் வெட்டி மறுநடவு செய்வார்கள், அந்த மரம். ஆனால் போரான் மருந்து ஏற்றிப் பக்குவப்படுத்தியதா என்று கேட்காமல் வாங்காதீர்கள், இல்லாவிட்டால் பூச்சி துளைத்து மாவு கொட்டும்.

சரக்கு அடுக்கி அனுப்பும் மரத்தட்டான பேலட்டின் பலகையில் மேசை செய்வது இப்போது நிறைய நடக்கிறது. கப்பலில் வந்த பேலட்டில் ஒரு சூட்டு முத்திரை இருக்கும். ஹெச்.டி. (HT) என்றால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது, எடுக்கலாம். எம்.பி. (MB) என்றால் மீத்தைல் புரோமைடு விஷவாயு அடித்தது, தொடவே வேண்டாம்.

அடையாற்றுக்காரன் எழுதியது:

நாற்காலிக்கு ஒரு யோசனை. நான் சென்னையில் ஒரு நிறுவனத்தில் நிர்வாகம் பார்க்கிறேன், 2021இல் 14 நாற்காலிகளைப் பழையதாகவே வாங்கினோம். ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஓ.எம்.ஆர். சாலைப் பக்கம் பெரிய அலுவலகங்கள் காலி செய்யும்போது நல்ல நாற்காலிகள் மொத்தமாக வெளியே வரும். புதிதாக 6,000 கொடுத்து வாங்கும் நாற்காலியை விட 9,000 ரூபாய்க்குக் கிடைக்கும் பழைய நல்ல நாற்காலி எவ்வளவோ மேல். புதிதாக ஒன்று தயாரிக்க வேண்டிய தேவையும் இல்லாமல் போகிறது.

ஆனால் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள், நேரில் போங்கள். முழுக்க ஏற்றி வைத்து 10 நிமிடம் உட்கார்ந்திருங்கள், தானாக இறங்கினால் இருக்கையை ஏற்றி இறக்கும் கேஸ் லிஃப்ட் போய்விட்டது என்று அர்த்தம். அது பெரிய குறை இல்லை, விலையைக் குறைக்கச் சொல்லிவிட்டு ஆயிரம் ரூபாய் அளவில் மாற்றிக்கொள்ளலாம். சக்கரமும் அப்படித்தான், பெரும்பாலும் 11 மி.மீ. தண்டு, எங்கும் கிடைக்கும். கவிழ்த்துப் போட்டு ஐந்து கால் நட்சத்திரத்தில் நடுக்குழியைச் சுற்றி முடி போல விரிசல் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். வலை முதுகை உள்ளங்கையால் அழுத்தி விட்டால் உடனே திரும்ப வர வேண்டும்.

ஹெர்மன் மில்லர் கம்பெனியின் ஏரான் நாற்காலி கண்ணில் பட்டால் முதுகுச் சட்டத்தின் மேல் விளிம்பில் உள்பக்கம் தடவிப் பாருங்கள். ஒரு புள்ளி இருந்தால் சின்ன அளவு, இரண்டு நடு, மூன்று பெரியது. 1994இல் வந்த நாற்காலி அது, ஒரே நாற்காலி எல்லா உடம்புக்கும் சரிவராது என்று அப்போதே மூன்று அளவில் செய்தார்கள். நேர்முதுகு சொன்ன அளவெடுப்பை நானும் வழிமொழிகிறேன், நாங்கள் அதைச் செய்யாமல் 14ம் ஒரே அளவாக வாங்கி, 3 நாற்காலிகளில் யாரும் உட்காராமல் கிடந்தன.

பிரம்புக்கூடை எழுதியது:

எல்லோரும் வலை நாற்காலியைப் பற்றியே பேசுகிறீர்கள். வந்து போகும் வாடிக்கையாளர்களுக்குப் பிரம்பு பின்னிய மர நாற்காலி போடுங்கள். ஈரோட்டு வெயிலுக்கு ரெக்சின் ஒட்டும், பிரம்பில் காற்றுப் போகும், தொய்ந்தால் மறுபடி பின்னிக்கொள்ளலாம். அரசு அலுவலகங்களில் இந்தப் பின்னல் வேலைக்கென்றே பார்வையற்றவர்களை நியமித்திருந்தார்கள், என் பெரியப்பா அந்த வேலையில் ஓய்வு பெற்றவர். அவர் விரலால் ஒரு தடவை தடவிவிட்டு எந்த இழை அறுந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். சண்டிகரில் கட்டடக் கலைஞர் பியர் ஜானரே வடிவமைத்த தேக்கும் பிரம்புமான அலுவலக நாற்காலிகளைப் பழசு என்று ஏலத்தில் கழித்தார்கள், அப்புறம் அவை வெளிநாட்டு ஏலங்களில் லட்சக்கணக்கில் போனதை எல்லோரும் படித்திருப்பீர்கள். 1950களில் செய்தவை, இன்றும் உட்காரலாம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். 9 பேர் என்றீர்களே, தேநீர் வாங்கி வருபவர், வாசலில் இருப்பவர் அந்தக் கணக்கில் இருக்கிறார்களா? கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத்திருத்தமே வந்திருக்கிறது.

பவானிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை வேலை முடிந்ததும் எல்லோரையும் செருப்பில்லாமல் உட்கார வைத்து அளந்தேன். முழங்கை உயரம் 60இலிருந்து 70 வரை வருகிறது. எங்கள் மேசை 76! ஒருவருக்குக்கூடப் பொருந்தவில்லை. கால் இழுக்கிறது என்று சொன்னேனே, அந்த அக்காவின் முழங்கால் மடிப்பு 38 செ.மீ., அவருடைய நாற்காலியை முழுக்க இறக்கினாலும் 45. நான்கு வருடமாக மேசைக்கடியில் ஏ4 பேப்பர் பெட்டியைப் போட்டு அதன் மேல் கால் வைத்திருக்கிறார். தினமும் பார்க்கிறேன், பேப்பர் பெட்டி அங்கே ஏன் இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அளந்தபோதுதான் புரிந்தது, எனக்கு மிகவும் கஷ்டமாகிவிட்டது. திங்கட்கிழமை டாக்டரிடம் போகிறார்.

பிரம்புக்கூடை கேட்டது சரியான கேள்வி. எங்கள் அலுவலக உதவியாளர் அண்ணனை நான் கணக்கில் சேர்க்கவில்லை, ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்கிறார். அவரையும் அளந்துவிட்டேன். இப்போது 10 நாற்காலி.

உளிச்சத்தம் அண்ணா, 60க்கும் 70க்கும் நடுவில் மேசை உயரத்தை எப்படி முடிவு செய்வது? எல்லோருக்கும் தனித்தனி உயரத்தில் போட்டால் ஆள் மாறினால் என்ன செய்வது?

உளிச்சத்தம் எழுதியது:

எல்லாவற்றையும் 66இல் போடுங்கள். சட்டத்தின் காலுக்கு அடியில் நட்டு வைத்து 5 செ.மீ. திருகி ஏற்றும் போல்ட் கால் போடச் சொல்லுங்கள், ஒரு மேசைக்கு 300 ரூபாய் கூடும், அவ்வளவுதான். 66இலிருந்து 71 வரை யாருக்கும் சரி செய்யலாம். அதற்கும் குட்டையானவர்களுக்கு நாற்காலியைக் கொஞ்சம் ஏற்றி, காலுக்குச் சாய்வான பலகை கொடுங்கள், மிஞ்சிய பிளை துண்டிலேயே செய்துவிடலாம், தனியாக வாங்க வேண்டாம். மேசைக்கு அடியில் குறுக்குச் சட்டம் முன்பக்கம் வரக் கூடாது, தொடை இடிக்கும், பின்னால் தள்ளி அடிக்கச் சொல்லுங்கள். டிராயரும் அப்படித்தான், மேசைக்கு அடியில் தொங்கவிடாமல் தனியாகச் சக்கரம் வைத்த பெட்டியாகச் செய்துகொள்ளுங்கள்.

பழைய 9 மேசையில் மேல்பலகை நன்றாக இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், ஊறியது அடிப்பக்கம் மட்டும்தானே. ஊறாத பலகையை அறுத்து ரெக்கார்டு ரூம் அலமாரிக்குத் தட்டாகப் போடலாம், அறுத்த ஓரத்தை மூட எட்ஜ் பேண்ட் பட்டை ஒட்ட வேண்டும்.

அடையாற்றுக்காரன் எழுதியது:

அந்த அக்காவின் நாற்காலிக்கு: கேஸ் லிஃப்ட்டிலேயே குட்டை ரகம் இருக்கிறது, கடைக்காரரிடம் ஓட்ட நீளம் (ஏறி இறங்கும் தூரம்) குறைவானது என்று கேளுங்கள். அதைப் போட்டால் இருக்கை 40 பக்கம் வரை இறங்கும். வாங்கும் முன் பழைய லிஃப்ட்டைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்க் கீழ்முனையின் தடிமனை ஒப்பிட்டுப் பாருங்கள். முடிந்தால் அவரையே கடைக்குக் கூட்டிப் போங்கள்.

பவானிக்கரை எழுதியது:

சார் 66 செ.மீ. மேசைக்குச் சரி சொல்லிவிட்டார். சனிக்கிழமை இரண்டு பேரும் போகிறோம், அக்காவும் நானும். அளவு எழுதிய தாளையும் நாடாவையும் எடுத்து வைத்துவிட்டேன்.