பி அண்ட் சி மில் கூட்டாளிகளைக் கண்டுபிடிக்க உதவுங்க

வணக்கம். 1996-ல மூடின சென்னை பெரம்பூர் பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) துணி மில்லோட நெசவுப் பிரிவு ஆளுங்க ஒருத்தரையொருத்தர் தேடுறாங்க. புளியந்தோப்பு, ஓட்டேரி, வியாசர்பாடி பக்கம் இருக்கிறவங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டுச் சொல்லுங்க.

வெறும் பேரு பத்தாது, ஆறுமுகம்னா பத்துப் பேர் வருவாங்க. டோக்கன் நம்பர் (மில்லுல ஒவ்வொரு தொழிலாளிக்கும் குடுத்த நம்பர்), ஷிப்ட், பட்டப்பேர் மூணும் வேணும். தறிச் சத்தத்துல கைஜாடையிலயே பழகினவங்க. நிறைய பேருக்குக் கூட்டாளியோட பட்டப்பேர்தான் ஞாபகம் இருக்கும். டோக்கன் நம்பர் மறந்திருந்தா பழைய சம்பளச் சீட்டைப் பாருங்க.

ரீசார்ஜ் பண்ணாத செல் நம்பர் வேற ஆளுக்குப் போயிருக்கலாம், அதனால போன் பண்ணா முதல்ல பேரைக் கேட்டுட்டு விஷயத்தைச் சொல்லுங்க. நம்பரைப் பொதுவுல போடாதீங்க, இன்பாக்ஸுக்கு அனுப்புங்க. எல்லாருக்கும் வயசாயிடுச்சு, தயவுசெஞ்சு இன்னைக்கே கேளுங்க.